துண்டுத் துணியில் தைத்து விற்பது: மூட்டையைப் பிரிப்பதிலிருந்து விலை போடுவது வரை

நீங்கள் கேட்டவை மூன்று. தையல் வேலையில் மிஞ்சிய வெட்டுத்துண்டுகள் இரண்டு மூட்டை சேர்ந்திருக்கின்றன, நேர்த்தையல் நன்றாக வரும், இதில் எதைத் தைத்தால் விற்கும்? தைத்தவை ஒரு முறை துவைத்ததுமே சுருங்கிக் கோணுவது ஏன்? என்ன விலை வைப்பது?

மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில் தொடங்குகிறது. துண்டுத் துணி இலவசமாகக் கிடைத்தாலும் அதைப் பிரிக்க, துவைக்க, இஸ்திரி போட, எதோடு எது சேரும் என்று பொருத்திப் பார்க்க ஆகும் நேரம் இலவசமில்லை. முழுத் துணியில் பத்து நிமிடத்தில் வெட்டி முடிக்கும் பையை, துண்டுகளில் தேடிப் பொறுக்கி வெட்ட அரை மணி நேரம் பிடிக்கும். துணியை மிச்சம் பிடிக்கிறோம் என்று நேரத்தைக் கொட்டினால் எந்த விலைக்கு விற்றாலும் கட்டாது. அதனால் கீழே சொல்வதெல்லாம் ஒவ்வொரு துண்டையும் ஒரே ஒரு முறை கையில் எடுத்து, அப்போதே அது என்னவாகப் போகிறது என்று முடிவு செய்துவிடுவதற்கான வழிதான்.

முதலில் இழை பார்த்துப் பிரிப்பது

நிறம் பார்த்துப் பிரிக்கத்தான் கை போகும். அது பிறகு. முதலில் இழை. துவைத்ததும் கோணுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்: துவைக்காத பருத்தித் துணி முதல் துவைப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்கும், பாலியஸ்டர் ஏறக்குறைய சுருங்கவே சுருங்காது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துத் தைத்தால் 30 செ.மீ. தையலில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை செ.மீ. வரை குறுகிவிடும், மற்றது அப்படியே நிற்கும். அந்த வித்தியாசம்தான் தையல் நெடுகச் சுருக்கமாக எழும்பி நிற்கிறது. அதைத் தையலைப் பிரித்துத் திரும்பத் தைத்துச் சரி செய்ய முடியாது.

தொட்டுப் பார்த்துச் சந்தேகமாக இருந்தால் எரித்துப் பாருங்கள். துண்டின் ஓரத்திலிருந்து நாலைந்து இழைகளை உருவி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி, லினன், ரேயான் மூன்றும் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மெத்தென்ற சாம்பலாகும். பட்டும் கம்பளியும் முடி கருகும் நாற்றம் அடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரியாக நிற்கும். பாலியஸ்டரும் நைலானும் உருகி, ஆறியதும் நசுங்காத கெட்டி மணியாக உறையும். எரியவும் செய்து ஓரத்தில் கெட்டி மணியும் கட்டினால் அது கலப்புத் துணி. ரேயான் சாம்பலில் பருத்தி போலத் தெரிந்தாலும் ஈரத்தில் வலு இழக்கும், அதிகமாகவும் சுருங்கும். வழவழப்பாக விழும் துணி என்றால் ரேயான் என்றே நினைத்துத் தனியாக வையுங்கள்.

ஐந்து குவியல் போதும்: நெய்த பருத்தி, கலப்பும் பாலியஸ்டரும், பனியன் துணி போன்ற பின்னல் வகை, ஜீன்ஸ் போன்ற கனத்த துணி, பட்டும் மின்னும் துணிகளும். விற்பனைக்குத் தைக்கத் தொடங்குகிறவர்கள் முதல் ஆறு மாதம் நெய்த பருத்திக் குவியலை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் உறுதியான கருத்து. மற்றவற்றைக் கட்டி ஓரம் வையுங்கள்.

பிரிக்கும்போதே கழிக்க வேண்டியதையும் கழியுங்கள். பூஞ்சை வாசனை அடிப்பது, எண்ணெய்க் கறை பிடித்தது, பழைய உடுப்பிலிருந்து வந்த துணியாக இருந்து இரு கையாலும் வெடுக்கென்று இழுத்தால் கிழிவது, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இழை தேய்ந்து வலை போலத் தெரிவது. இவற்றை இரக்கப்பட்டு வைத்துக்கொண்டால் என்றாவது ஒரு நாள் நல்ல பைக்குள் தைத்துவிடுவீர்கள், அது வாங்கியவர் கையில் கிழியும்.

துவைப்பதும் சாயம் பார்ப்பதும்

தைப்பதற்கு முன்பே சுருங்க வேண்டியது சுருங்கிவிட வேண்டும். உள்ளங்கையைவிடப் பெரிய துண்டுகளை வலைப்பையில் போட்டுத் துவைக்கலாம். அப்படியே இயந்திரத்தில் போட்டால் ஓரம் பிரிந்து நூல் நூலாகச் சிக்கி, ஒரே முடிச்சாக வெளியே வரும், பிரித்தெடுக்கவே ஒரு மணி நேரம் ஆகும். சிறிய துண்டுகளை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, முறுக்காமல் பிழிந்து, நிழலில் பரப்பி, சற்று ஈரம் இருக்கும்போதே சூடான இஸ்திரிப் பெட்டியால் காயும்வரை அழுத்தினால் போதும். நீங்கள் தைக்கப் போகும் லைனிங் துணிக்கும் இதே வேலை உண்டு. வெளித்துணியைத் துவைத்துவிட்டு, புதிதாக வாங்கிய லைனிங்கைத் துவைக்காமல் வைப்பதால்தான் பல பைகள் முதல் துவைப்பில் உள்பக்கம் இழுத்துக்கொண்டு கூன் விழுகின்றன.

அடர் சிவப்பு, மெரூன், கருநீலம், கறுப்பு ஆகிய நான்கையும் நம்பாதீர்கள். ஈரத் துண்டை வெள்ளைப் பருத்தித் துணி மடிப்புக்குள் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் பத்து நொடி அழுத்துங்கள். வெள்ளையில் சாயம் இறங்கினால் சோப்பு கலந்த வெந்நீரில் அலசி மறுபடி பாருங்கள். உப்போ வினிகரோ போட்டால் சாயம் நின்றுவிடும் என்று சொல்வார்கள். ஏற்கெனவே சாயமேற்றி முடித்த துணியில் இரண்டும் சாயத்தைப் பிணைப்பதில்லை. ஒட்டாமல் நிற்கும் உபரிச் சாயத்தை அலசி வெளியேற்றுவதுதான் வழி. மூன்றாவது அலசலுக்குப் பிறகும் இறங்குகிற துண்டை வெளிர் நிறத்தோடு சேர்க்கவே கூடாது.

மூன்று அகலம், நீளம் எதுவானாலும்

ஒரு துண்டைக் கையில் எடுத்து, இதில் என்ன தைக்கலாம் என்று யோசிக்கத் தொடங்கினால் பொழுது போய்விடும். அதற்குப் பதிலாக மூன்று அகலங்களை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள்: 15 செ.மீ., 10 செ.மீ., 6 செ.மீ. துவைத்து இஸ்திரி போட்ட துண்டு மேசைக்கு வந்ததும், அதில் கிடைக்கும் மிகப் பெரிய அகலத்தில் பட்டையாக வெட்டுங்கள். நீளம் எவ்வளவு வந்தாலும் சரி. 15 வராவிட்டால் 10, அதுவும் வராவிட்டால் 6. மிஞ்சும் துணுக்குகள் ஒரு பையில்.

ஓர் அளவை நிலையாகப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவதால் வீணாவது குறையும். அதைவிட முக்கியம், அகலம் ஒன்றாக இருக்கும் எந்த இரண்டு பட்டையையும் முனையோடு முனை சேர்க்கலாம், அளந்து பார்க்க வேண்டியதில்லை. 15 செ.மீ. பட்டை ஜிப் பைகளுக்கும் குழந்தை உடுப்பின் அடுக்குகளுக்கும் பாக்கெட்டுகளுக்கும். 10 செ.மீ. பட்டை தலைமுடி வளையத்துக்கும் பெரிய பையின் பட்டைகளுக்கும், நான்காக மடித்தால் 2.5 செ.மீ. தோள்பட்டைக்கும். 6 செ.மீ. பட்டை ஓரம் கட்டுவதற்கும், நான்காக மடித்து ஒன்றரை செ.மீ. கைப்பிடிக்கும், வளையங்களுக்கும்.

வெட்டும்போது இழை போகும் திசையைப் பாருங்கள். துண்டில் துணிக்கரை இருந்தால் பாவு நூல், அதாவது நெசவின் நெடுக்கு இழை, அதற்கு இணையாக ஓடும். கரை இல்லாவிட்டால் இரு திசையிலும் இழுத்துப் பாருங்கள்: குறைவாக நீள்வது பாவு, சற்று அதிகம் நீள்வது ஊடை, அதாவது குறுக்கு இழை, மூலைவாக்கில் இழுத்தால் ரப்பர் போல நீள்வது கிராஸ். கைப்பிடியும் தோள்பட்டையும் பாவுத் திசையில் இருந்தால்தான் எடை தூக்கும்போது நீளாது. சட்டைக் கை வெட்டியபின் மிஞ்சும் வளைந்த துண்டுகளில் ஓரம் நேராக இருப்பது போலத் தெரிந்தாலும் அது பெரும்பாலும் கிராஸாக இருக்கும். அந்த ஓரத்தை நம்பிப் பட்டை வெட்டினால் தைக்கும்போதே நெளியும்.

ஒரு மி.மீ. எவ்வளவு கெடுக்கும்

பட்டைகளை இணைக்க 6 மி.மீ. தையலிடம் விடுவது வழக்கம், அதாவது கால் அங்குலம். பத்துப் பட்டைகளைச் சேர்த்தால் ஒன்பது தையல். ஒவ்வொன்றிலும் ஒரு மி.மீ. கூடுதலாக உள்ளே போய்விட்டால் இரு பக்கமும் சேர்த்துத் தையலுக்கு 2 மி.மீ. வீதம் 18 மி.மீ. குறைந்துவிடும். பையின் முன்பக்கம் பின்பக்கத்தோடு சேராமல் இழுத்து இழுத்துத் தைப்பது இதனால்தான். ஊசியிலிருந்து சரியாக 6 மி.மீ. அளந்து, இயந்திரத்தின் ஊசித்தட்டில் ஒட்டுநாடாவை அடுக்கடுக்காக ஒட்டி ஒரு சுவர் போல உயர்த்திக்கொள்ளுங்கள், துணி அதை உரசியபடியே போகும். மடிப்பிலும் கொஞ்சம் துணி போகும் என்பதால் 6 மி.மீ.க்கு மயிரிழை குறைவாகத் தைப்பது நல்லது. தையல் நீளம் 2 மி.மீ. வைத்தால் பட்டையை நடுவில் வெட்டினாலும் ஓரத்தில் தையல் பிரியாது.

இரண்டு பட்டைகளைத் தைத்து, நூலை அறுத்து, அடுத்ததை எடுப்பது நேரத்தைத் தின்னும். ஒரு ஜோடி முடிந்ததும் நூலை அறுக்காமல் அடுத்த ஜோடியைப் பாதத்தின் கீழே நுழைத்துக்கொண்டே போங்கள். இருபது ஜோடி சரமாக வந்தபின் மொத்தமாக அறுத்து, மொத்தமாக இஸ்திரி போடுங்கள். இஸ்திரியைப் பொறுத்தவரை ஒரே விதி: பெட்டியைத் தேய்த்து இழுக்காதீர்கள், வைத்து அழுத்தித் தூக்குங்கள். இழுத்தால் கிராஸ் ஓரமெல்லாம் நீண்டு, சதுரம் சதுரமாக இருக்காது. முதலில் தையலை மூடியபடியே ஒரு முறை அழுத்திவிட்டு, பிறகு இரண்டு ஓரத்தையும் அடர்நிறப் பக்கம் சாயுங்கள், இல்லாவிட்டால் வெளிர் துணிக்குள் இருண்ட கோடு தெரியும். பைகளில் நாலைந்து மடிப்பு ஒரே இடத்தில் சேரும் என்பதால் அங்கே மட்டும் தையலை விரித்து இஸ்திரி போடுவது மேல்.

ஊசி சாதாரணப் பருத்திக்கு 14-ஆம் நம்பர், மெல்லிய துணிக்கு 11, ஜீன்ஸுக்கு 16. பின்னல் துணிக்கு முனை உருண்ட ஊசி இல்லாமல் தைத்தால் தையல் விட்டு விட்டு விழும், சில துவைப்புக்குப் பிறகு ஊசித்துளை ஓட்டையாகப் பிரியும். எட்டு மணி நேரத் தையலுக்கு ஒரு முறை ஊசி மாற்றுங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் அதற்கும் முன்பே. ஜீன்ஸ் தையல் மேட்டில் இயந்திரம் ஏற மறுத்தால் பாதத்தின் பின்புறம் மடித்த அட்டையை வைத்துப் பாதத்தை மட்டப்படுத்துங்கள், ஊசி ஒடியாது.

எதைத் தைப்பது

தலைமுடி வளையம்தான் முதலில். துண்டுத் துணிக்கு இதைவிட ஏற்ற பொருள் இல்லை. 10 செ.மீ. அகலம், 50 முதல் 55 செ.மீ. நீளம், 6 மி.மீ. எலாஸ்டிக் 20 செ.மீ. வேண்டும். பட்டையின் நீளத்தை மூன்று துண்டுவரை சேர்த்துக் கொண்டுவரலாம், ஆனால் இணைப்பைக் குறுக்காக 45 பாகையில் போடுங்கள். நேர் இணைப்பில் நான்கு மடிப்பும் ஒரே இடத்தில் குவிந்து கட்டி போல நிற்கும். பட்டையின் இரு முனைகளையும் முதலில் சேர்த்து வளையமாக்குங்கள். பிறகு நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி நீளவாக்கில் மடித்து, தைக்கத் தைக்க உள்ளே அகப்பட்டிருக்கும் துணியை வெளியே இழுத்துக்கொண்டே வந்து, கடைசி 5 செ.மீ. விட்டு நிறுத்துங்கள். அந்த வாய் வழியாகப் புரட்டி, எலாஸ்டிக்கை ஊக்கால் ஓட்டி, முனைகளை ஒன்றரை செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜிக்ஜாக் தையலால் பூட்டுங்கள். முடிச்சுப் போட்டால் அது அவிழும், அல்லது கையில் உறுத்தும். எலாஸ்டிக் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க, பூட்டுவதற்கு முன் இரு முனையையும் பிடித்து ஒரு முறை இழுத்துவிட்டுப் பாருங்கள். கடைசியில் வாயை ஓரத்தை ஒட்டி மூடித் தையுங்கள். ஜீன்ஸ், திரைத்துணி போன்றவற்றில் இதைச் செய்யாதீர்கள், சுருக்கு விழாமல் விறைத்து நிற்கும்.

அடுத்தது ஜிப் பை. அதிக விலை கிடைப்பதும் அதிகம் கெடுவதும் இதுதான். தைத்து முடித்தால் 20 செ.மீ. அகலம், 13 செ.மீ. உயரம் வரும் பைக்கு: வெளித்துணி 22 க்கு 15 செ.மீ. இரண்டு, லைனிங் அதே அளவில் இரண்டு, ஒட்டும் கேன்வாஸ் (வெளித்துணியின் பின்பக்கம் இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் விறைப்புத் துணி) அதே அளவில் இரண்டு, நைலான் ஜிப் ஒன்று. உயரம் 15 செ.மீ. பட்டையிலேயே வந்துவிடும். அகலத்துக்கு 22 செ.மீ. வரும்வரை துண்டுகளைச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

கேன்வாஸ் ஒட்டும்போது பெட்டியை இழுக்காமல் ஒவ்வோர் இடத்திலும் பத்துப் பதினைந்து நொடி அழுத்தி, முழுக்க ஆறியபின்பே துணியைத் தூக்குங்கள். சூட்டோடு எடுத்தால் பசை பிடிக்காமல் துவைத்ததும் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். துவைக்காத துணியில் ஒட்டினாலும் அதேதான் நடக்கும்.

ஜிப் பையின் மேல் மூலைகள் இரண்டும் நசுங்கிக் குழிந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். ஜிப்பின் பற்கள் பக்கத்தையலுக்குள் போய் மாட்டிக்கொள்வதுதான் காரணம். ஜிப்பின் பல்வரிசை 19 செ.மீ. இருக்கும்படி வெட்டி, இரு முனையிலும் 6 செ.மீ. பட்டையிலிருந்து எடுத்த சிறு துண்டை மடித்து மூடித் தைத்து, மொத்த நீளத்தை 22 செ.மீ. ஆக்குங்கள். இப்போது பல் இரு பக்கமும் விளிம்பிலிருந்து ஒன்றரை செ.மீ. உள்ளேயே நிற்கும். பக்கத்தையல் ஒரு செ.மீ.யில் போகும்போது ஊசிக்குத் துணி மட்டுமே கிடைக்கும், மூலை கூராக வரும்.

வெளித்துணியை நல்ல பக்கம் மேலாக வைத்து, அதன்மேல் ஜிப்பை முகம் கீழாக, அதன்மேல் லைனிங்கை நல்ல பக்கம் கீழாக வைத்து, மூன்றின் மேல் ஓரமும் சேரப் பிடித்து ஜிப் பாதத்தால் 6 மி.மீ.யில் தையுங்கள். பாதி தைத்ததும் ஊசியைத் துணிக்குள் இறக்கி, பாதத்தைத் தூக்கி, ஜிப்பைத் திறந்து மூடும் ரன்னரைத் தைத்த பக்கத்துக்கு நகர்த்திவிட்டுத் தொடருங்கள். இல்லாவிட்டால் ரன்னர் இருக்கும் இடத்தில் தையல் வெளியே வளைந்து போகும். இரு துணியையும் விரித்து இஸ்திரி போட்டு, ஜிப்பிலிருந்து 3 மி.மீ. தள்ளி மேல்தையல் போடுங்கள். லைனிங் பல்லில் சிக்காமல் காப்பது இந்தத் தையல்தான், அழகுக்கு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். மறு பக்கமும் அப்படியே. பிறகு ஜிப்பைப் பாதி திறந்து வைத்துவிட்டு, வெளித்துணியோடு வெளித்துணி, லைனிங்கோடு லைனிங் சேர்த்துச் சுற்றிலும் ஒரு செ.மீ.யில் தைத்து, லைனிங்கின் அடியில் 8 செ.மீ. வாய் விடுங்கள். ஜிப்பைத் திறக்காமல் தைத்துவிட்டால் பையைப் புரட்டவே முடியாது, பிரித்துத்தான் ஆக வேண்டும். லைனிங் பக்கத்தில் மட்டும் பக்கத்தையலை 3 மி.மீ. கூடுதலாக உள்ளே போடுங்கள். உள்ளே இருக்கும் பை வெளிப்பையைவிடச் சற்றுச் சிறிதாக இருந்தால்தான் மடிப்பு மடிப்பாகத் தொங்காமல் ஒட்டி நிற்கும்.

ஒன்று ஒன்றாகத் தைக்காமல் பத்துப் பைகளை ஒரே மூச்சில் கொண்டுபோங்கள்: பத்துக்கும் வெட்டு, பத்துக்கும் கேன்வாஸ், பத்துக்கும் ஜிப். ஜிப் பாதத்தை ஒரு முறை மாட்டி ஒரு முறை கழற்றினால் போதும். எல்லா லைனிங்கும் ஒரே நிறம், எல்லா ஜிப்பும் இரண்டே நிறம் என்று வைத்துக்கொண்டால் நூல் மாற்றும் வேலையும் இல்லை.

சூடான பாத்திரம் பிடிக்கும் துணி 6 செ.மீ. பட்டைகளுக்கு நல்ல வழி. ஐந்து பட்டைகளைச் சேர்த்தால் 25 செ.மீ. வரும், அதை 20 செ.மீ. சதுரமாக நறுக்கலாம். ஆனால் இதில் ஒரு கண்டிப்பு உண்டு: வெளித்துணி, உள்ளே வைக்கும் பஞ்சுத்தாள் அல்லது பழைய குளியல் துண்டின் அடுக்குகள், தைக்கும் நூல் எல்லாமே பருத்தியாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். இழை எதுவென்று உறுதியாகத் தெரியாத துண்டை இதில் சேர்க்கவே கூடாது. நேர் ஓரங்களுக்குக் கிராஸ் பட்டை தேவையில்லை, நேர்ப்பட்டையே போதும். கிராஸ் வெட்டுவது வளைந்த ஓரத்துக்கு மட்டும்தான், அது துணியை அதிகம் தின்னும்.

துணுக்குப் பையில் சேர்வதைச் சிறு சிறு துண்டாக நறுக்கி ஊசி குத்தும் மெத்தைக்கும் வாசல் காற்றுத் தடுப்புக்கும் நிரப்பலாம். ஒரு செ.மீ.க்கு மேல் இருந்தால் கட்டி கட்டியாகத் தெரியும். குழந்தை பொம்மைக்குள் இதை நிரப்ப வேண்டாம். அங்கே புதிய, சுத்தமான பஞ்சுதான் வேண்டும்.

உடுப்பு தைப்பதென்றால்

துண்டுகளைச் சேர்த்து முழு உடுப்பு தைக்கும்போது முதல் கேள்வி, உள்பக்கம் தோலில் உரசும் தையல் ஓரங்களை என்ன செய்வது என்பதுதான். 6 மி.மீ. ஓரம் சில துவைப்பிலேயே பிரிந்துவிடும். முழு லைனிங் போடலாம், ஓவர்லாக் அடிக்கலாம், அல்லது ஒரு பக்க ஓரத்தைக் குறைத்து வெட்டி மற்றதால் மூடித் தைக்கும் ரன் அண்ட் ஃபெல் தையல் போடலாம். கொரியாவின் சோகாக்போ என்னும் துணி இணைப்பு முறை இந்த வகைத் தையலால்தான் இரு பக்கமும் ஒரே போலச் சுத்தமாக இருக்கிறது, லைனிங்கே இல்லாமல் வெளிச்சம் ஊடுருவித் தெரியும். மெல்லிய பருத்தித் துண்டுகள் நிறைய வைத்திருப்பவர்களுக்கு அந்த முறை மிகவும் பொருந்தும். மூடித் தைக்க ஓரம் வேண்டும் என்பதால் தையலிடம் ஒன்றேகால் செ.மீ. விடுங்கள்.

குழந்தை உடுப்பில் துண்டுத் துணி மிகச் சுலபமாக உட்காரும் இடம் கீழ் அடுக்குகள். மேல் உடம்பை ஒரே துணியில் வெட்டிவிட்டு, பாவாடைப் பகுதியை 15 செ.மீ. பட்டைகளால் இரண்டு மூன்று அடுக்காகக் கட்டலாம். ஒவ்வோர் அடுக்கும் மேலே உள்ளதைவிட ஒன்றரை மடங்கு நீளம். இணைப்புத் தையல்கள் அக்குள், கழுத்து, கால் இடுக்கு ஆகிய இடங்களில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுருக்குத் தையலை 4 மி.மீ. நீளத்தில் இரண்டு வரிசை ஓட்டும்போது இணைப்புகளில் தையலை விரித்து இஸ்திரி போட்டிருந்தால்தான் சுருக்கு சீராக நகரும். மடிப்பு மேட்டில் நூல் அறுவதுதான் இங்கே வழக்கமாக நேரும் கோளாறு, அதனால் நீண்ட அடுக்கை நான்காகப் பிரித்து நான்கு தனித்தனிச் சுருக்காக இழுங்கள்.

பட்டைகளை முதலில் ஒரே விரிப்பாகத் தைத்து, அதன்மேல் வடிவத்தாளை வைத்து வெட்டும் வழியும் உண்டு. அப்போது விரிப்பு வடிவத்தைவிட எல்லாப் பக்கமும் 3 செ.மீ. பெரிதாக இருக்கட்டும். வெட்டியதும் ஓரத்தைச் சுற்றி 4 மி.மீ.யில் ஒரு தையல் ஓட்டினால் இணைப்புகள் வாய் பிளக்காது. கனமான துணியையும் மெல்லிய துணியையும் பக்கத்தில் வைத்தால் மெல்லியது தையலை ஒட்டிக் கிழியும். தவிர்க்க முடியாவிட்டால் மெல்லியதன் பின்னால் மெல்லிய கேன்வாஸ் ஒட்டுங்கள். நெய்த துணியையும் பின்னல் துணியையும் ஒரே உடுப்பில் கலக்க வேண்டாம்.

நிறத்துக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். துண்டுகளில் பெரும்பாலும் பூப்போட்டதும் கட்டம் போட்டதும்தான் வரும், அத்தனையையும் அருகருகே வைத்தால் கண் எங்கும் நிற்காது. மூன்றில் ஒரு பங்கு வெறும் நிறத் துணியாக இருக்கட்டும், அதற்காகக் காசு கொடுத்து இரண்டு மூன்று நிறத்தில் முழுத் துணி வாங்கினாலும் தப்பில்லை. அடுக்கி வைத்துக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அடர்நிறமும் வெளிர்நிறமும் போதாது என்று அர்த்தம்.

குழந்தைகளுக்கு விற்கும்போது கழுத்திலும் தலைக்குல்லாயிலும் நாடாக் கயிறு வைக்காதீர்கள், சறுக்கு மரம் போன்றவற்றில் மாட்டிக் கழுத்தை இறுக்கும். பல நாடுகளில் இதற்குத் தடையே இருக்கிறது. மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கு கழன்றால் வாய்க்குள் போகக்கூடிய சிறிய பொத்தான், மணி எதுவும் வேண்டாம். கேலிச்சித்திர உருவமோ நிறுவன முத்திரையோ அச்சிட்ட துண்டுகளை விற்கும் பொருளில் சேர்ப்பது சட்டச் சிக்கலில் விடலாம், அவற்றை வீட்டு உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விலை

உங்கள் ஒரு மணி நேரக் கூலியை 60 பங்கு என்று வைத்தால் ஒரு நிமிடம் ஒரு பங்கு. எடுத்துக்காட்டாக ஒரு ஜிப் பை: துண்டு பிரித்துத் துவைத்து வெட்டியதில் அதன் கணக்கு 10, தையல் 15, நூல் அறுத்துச் சரிபார்ப்பது 3, படம் எடுத்துப் பொதிவது 7. ஆக 35. ஜிப், கேன்வாஸ், நூல், உறை எல்லாம் 8 என்று வைத்தால் 43. இயந்திரத் தேய்மானம், மின்சாரம், விற்காமல் தங்குபவை என்று அதன்மேல் ஏறத்தாழ 15 சதவீதம் போட்டால் 50. இதுதான் அடக்க விலை. லாபம் 10 சேர்த்தால் 60 உங்கள் கைக்கு வர வேண்டும்.

இதைக் கடையில் வைத்து விற்கக் கொடுத்தால், கடைக்காரர் விற்பனை விலையில் 40 சதவீதம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். 60-இன் மேல் 40 சதவீதம் ஏற்றி 84 என்று எழுதுவார்கள். 84-இல் 40 சதவீதம் போனால் மிஞ்சுவது 50 பங்கும் சொச்சமும், அதாவது லாபம் முழுக்கக் காணாமல் போய் அடக்கம் மட்டும் கைக்கு வரும். சரியான கணக்கு 60-ஐ 0.6-ஆல் வகுப்பது: 100. நேரடியாக விற்கும்போதும் அதே 100-க்கே விற்க வேண்டும். கடையைவிடக் குறைத்து விற்றால் கடைக்காரர் அடுத்த முறை எடுக்க மாட்டார். நேரில் விற்கவும் பேசவும் உங்கள் நேரம்தானே செலவாகிறது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து விலை அதிகமாகத் தோன்றினால் கூலியில் கை வைக்காதீர்கள், நிமிடங்களில் கை வையுங்கள். இணைப்புகளை ஆறிலிருந்து மூன்றாகக் குறைப்பது, லைனிங்கை ஒரே துணியில் மொத்தமாக வெட்டுவது, படம் எடுப்பதைக் குறைப்பது. ஒவ்வொரு பையும் வேறு மாதிரி என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனிப் படம், தனி விவரம் என்று போவது துண்டுத் துணி வியாபாரத்தில் பெரிய நேர விரயம். நிற வரிசையாகப் பிரித்து, நீல வரிசை, மண்நிற வரிசை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே படம் வைத்து, அளவும் லைனிங்கும் படத்தில் உள்ளபடி, மேல்துணி அந்த நிறக் குடும்பத்தில் மாறிவரும் என்று தெளிவாக எழுதிவிடுங்கள். ஜன்னலோர வெளிச்சத்தில் வெள்ளைத் தாள் மேல் வைத்து எடுத்தால் போதும். அளவு புரிய ஒரு படத்தில் மட்டும் கையில் பிடித்துக் காட்டுங்கள்.

புதிய பொருள் ஒவ்வொன்றிலும் முதலில் தைத்ததை விற்காதீர்கள். ஐந்து முறை துவைத்து, காயவைத்து, தையல்களை இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். கைப்பிடி சேரும் இடத்தில் சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தைத்திருந்தால் அது நிற்கும், ஒரே வரியாகத் தைத்திருந்தால் அங்கேதான் முதலில் விடும். அந்தச் சோதனையில் தாங்கிய விதத்தை வைத்தே துவைப்புக் குறிப்பை எழுதுங்கள்: குளிர்ந்த நீர், நிழலில் உலர்த்தல், கேன்வாஸ் ஒட்டியதென்றால் முறுக்கிப் பிழியக் கூடாது. இழை விவரத்தைச் சீட்டில் எழுதுவது பல நாடுகளில் கட்டாயம். மூட்டையை முதல் நாளே இழை வாரியாகப் பிரித்து வைத்திருந்தால் அந்தச் சீட்டில் என்ன எழுதுவது என்று யோசிக்க வேண்டியிருக்காது.